ஃபுல் ஃபிரேமில் அண்ணி எங்கே?

"பின்னுக்கு நிக்கிறது யாரு டீச்சர்?"

போன வாரம் பதுளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), கம்ப்யூட்டர் திரையைக் காட்டிக் கேட்ட கேள்வி இது. திரையில் இருந்தது நான் எடுத்த படம். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஃபிரேமும் பண்ணித் தாருங்கள் என்று பெருமையாகக் கொண்டுபோயிருந்தேன்.

நானா மவுஸை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கினார். முன்வரிசையில் என் அண்ணன், அவருடைய மூன்று பிள்ளைகள். அண்ணனின் மூக்குமயிர்கூட எண்ணிப் பார்க்கலாம், அப்படி ஒரு தெளிவு. அவர்களுக்குப் பின்னால், வாசற்படியின் மேல் ஓர் உருவம். சேலை நிறம் தெரிகிறது. முகம்? கண் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை.

எங்கள் அண்ணி என்று சொன்னேன். சொல்வதற்கே கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் படமே அண்ணிக்காக எடுத்ததுதான்.

என் கேமராப் பைத்தியம் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம், சனி ஞாயிறுகளில் கேமரா. அப்புத்தளை மூடுபனியை நான் எடுத்திருக்கிற அளவுக்கு வேறு யாராவது எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். எல்லாப் படமும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் எடுத்தவளுக்கல்லவா தெரியும் அருமை?

இத்தனை வருஷமும் என்னிடம் இருந்தது ஒரு சாதாரண கிராப் சென்சார் கேமரா. கூடவே வந்த சின்ன லென்ஸ். அதை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் எடுத்தேன். யாரும் குறை சொன்னதில்லை. நான் மட்டும்தான் சொன்னேன்.

குறை சொல்லக் கற்றுக்கொடுத்தது யூடியூப். அப்புறம் எங்கள் ஊர் போட்டோப் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப். அங்கே காலையில் எழுந்ததும் குட்மார்னிங் சொல்ல மாட்டார்கள்... "கிராப்பா, ஃபுல் ஃபிரேமா, மிரர்லெஸ்ஸா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏதோ மூன்று மாப்பிள்ளைகள் வாசலில் காத்து நிற்கிற மாதிரி!

உண்மையில் அது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை. வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார், பழைய ஃபிலிம் கட்டத்தின் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃபிரேம். அதைவிடச் சின்னதாக இருந்தால் கிராப். மிரர்லெஸ் என்பது வேறு கதை... உள்ளே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பதுதான். கண்ணாடி இல்லாத கேமராவில் கிராப்பும் உண்டு, ஃபுல் ஃபிரேமும் உண்டு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. புரிந்த பிறகாவது புத்தி வந்ததா? இல்லை. இரண்டும் சேர்ந்ததே வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்!

"இருக்கிறதே நல்லாத்தானே எடுக்குது" என்றார் வீட்டுக்காரர். கேமரா விஷயத்தில் அவர் பேச்சை நான் கேட்டதே இல்லை. கொழும்புக்குப் போய்ப் பழையதைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டுப் புதியதை வாங்கி வந்தேன். கூடவே 1.8 என்று போட்ட லென்ஸ் ஒன்று.

அந்த 1.8 எதற்கு என்று கேட்பீர்கள். லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். அப்படித் திறந்து எடுத்தால் யாரைக் குறி வைத்தோமோ அவர் மட்டும் பளிச்சென்று இருப்பார். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும். சென்சார் பெரிதாக இருந்தால் இன்னும் அழகாகக் கரையும். இதற்கு எங்கள் குரூப்பில் பேக்ரவுண்ட் பிளர் என்று பெயர். அதைப் பார்த்தால் ஆளாளுக்கு நெருப்பு ஸ்மைலி போடுவார்கள். நானும் நெருப்புக்கு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கேமரா கைக்கு வந்த அடுத்த மாதம் தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. தொழிலாளர்களின் வரிசை வீடான அங்குள்ள லயத்தில்தான் நான் பிறந்தேன். இப்போது அதில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். மூத்தவன் சுரேஷ் கத்தாரில் இருந்து லீவில் வந்திருந்தான். நிரோஷா கொழும்பில் துணிக்கடை வேலை, அவளுக்கும் எப்படியோ லீவு கிடைத்துவிட்டது. கடைக்குட்டி தினேஷுக்கு ருமேனியாவுக்கு விசா வந்து, கிளம்புகிற நாளும் குறித்தாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருந்து பல வருஷம் ஆகிறது. இனி எப்போது என்பதும் தெரியாது.

நான் போய்ப் பையை இறக்கியதுமே அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். சுவரைக் காட்டினார். நிரோஷாவின் சடங்குப் படம், சுரேஷ் முதல் தடவை வெளிநாடு போகும்போது ஏர்போர்ட்டில் எடுத்தது, தினேஷ் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது...

"இந்தச் செவுத்துல நான் மட்டும் இல்ல பாரு பாப்பா" என்றார்.

நான் அப்போதுதான் பார்த்தேன். சடங்கன்று அவர் அடுப்படியில் இருந்தார். ஏர்போர்ட் போன வேனில் அவருக்கு இடமில்லை. பரிசளிப்பு அன்று தேயிலைக் கொழுந்து நிறைய வந்த சமயம், பறிக்கப் போகிறவருக்கு லீவு கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து சுவரில் அவர் இல்லாமல் ஆகிவிட்டார்.

"என்னையும் சேத்து எடு. புள்ளைங்க மூணும் ஒண்ணா இருக்கிறப்பவே எடுத்துரு. நாளைக்குப் போயிருவாங்க."

அண்ணி எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்டார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து லயத்து வாசலில் பெஞ்சைப் போட்டோம். அண்ணனும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றா சொன்னேன்? தினேஷ் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுரேஷ் தலையைக் கோதிக் கோதிக் கலைத்துக்கொண்டிருந்தான். நிரோஷா ஏதோ சொல்லிச் சிரித்துத் தம்பியின் மேல் சாய்ந்தாள். அண்ணன் பக்கத்து லயத்துக்காரரோடு சத்தமாகப் பேச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருங்களேன் என்று நான் கத்தியதுதான் மிச்சம்.

அண்ணி கடைசியாக வந்தார். பாத்திரம் கழுவிவிட்டு, முகம் கழுவி, சுரேஷ் கொண்டுவந்த புதுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். பெஞ்சில் இடமில்லை. பின்னால் நின்றார். ஆள் கொஞ்சம் குள்ளம்... பிள்ளைகளின் தலை மறைத்தது. உடனே அவரே இரண்டெட்டுப் பின்னால் போய் வாசற்படியில் ஏறிக்கொண்டார். இப்ப தெரியிறேனா என்று கேட்டார்.

நன்றாகத் தெரிகிறீர்கள், அங்கேயே நில்லுங்கள் என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

புது கேமராவுக்கு ஒரு வித்தை தெரியும். எதிரில் இருப்பவர்களின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போடும். கட்டம் சுரேஷின் கண்ணில் போய் உட்கார்ந்தது. அடடா, எத்தனை கெட்டிக்காரக் கேமரா என்று பூரித்துப் போனேன். 1.8-ஐ முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். குடும்பப் படத்துக்கு அது கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் இருந்தது படம் இல்லை, குரூப்பில் விழப்போகிற நெருப்புகள்.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பிள்ளைகள் மூவரும் கொழும்புக்கு வேன் ஏறினார்கள். அந்த வாரமே இரண்டு பேர் விமானத்திலும் ஏறிவிட்டார்கள்.

அவர்களுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர் அத்தை" என்று மூன்று பேரும் பதில் போட்டார்கள். சுரேஷ் தன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ப்ரொஃபைலில் வைத்துக்கொண்டான். பின்னால் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா? குரூப்பிலும் போட்டேன். பிளர் பிரமாதம் என்றார்கள்.

பிரமாதமாக மங்கியிருந்தது எங்கள் அண்ணி.

மறுபடி ஸ்டூடியோவுக்கு வருகிறேன். வேற படம் இல்லையா என்று நானா கேட்டார். இருந்தது, எல்லாம் ஒரே மாதிரிதான். என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. இப்போது இதற்கெல்லாம் ஏஐ இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று ஏதோ ஒன்றைத் தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் முகம் வந்துவிட்டது. மாசு மருவில்லாத முகம். வரிசையான பல். மூக்கில் மூக்குத்தி இல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அண்ணிக்கு உச்சந்தலையில் முடி கொட்டிப் போயிருக்கும், அங்கேயும் கருகருவென்று முடி. யாரோ ஒரு பெண்மணி, பார்க்க லட்சணமாக, எங்கள் அண்ணியின் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசற்படியில் நிற்கிறாள்.

நானாவுக்கே திருப்தியில்லை. "இது அவங்க இல்ல போல" என்றார்.

இல்லைதான். பழையபடியே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ஏஐ மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அது முகம் தெரியாமல் செய்தது. நான் தெரிந்தே அல்லவா செய்தேன்?

எங்கள் மலையகப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலண்டரில், ஹோட்டல் சுவரில், தேயிலைப் பெட்டியில். பச்சை மலை, நடுவில் சேலை கட்டிய சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் ஒன்று யாருடைய அண்ணி, யாருடைய அம்மா என்று யாருக்குத் தெரியும்? வெளியாட்கள் வந்து இப்படி எடுக்கிறார்களே என்று இதே பக்கத்தில் நானே ஒரு தடவை பொரிந்து தள்ளியிருக்கிறேன். கடைசியில் அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஊரிலேயே நல்ல கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்தேன்? பழைய கிராப் கேமராவும் அந்தச் சின்ன லென்ஸும் இருந்திருந்தால் முன்னால் இருப்பவர், பின்னால் நிற்பவர், வாசற்படி, கதவு, எல்லாமே தெளிவாக விழுந்திருக்கும். அதற்கு ஆளைப் பிரிக்கத் தெரியாது.

போன ஞாயிறு, ஃபிரேம் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு தெமோதரை பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகம் தயார் பண்ணிக்கொண்டே போனேன். டீச்சர் அல்லவா, பேச்சுக்கா பஞ்சம்?

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டார். சுரேஷைத் தடவினார். நிரோஷாவைத் தடவினார். தினேஷின் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்புறம் அவருடைய விரல் மெல்ல மேலே போய், வாசற்படியில் நின்றது.

கண்ணாடி மங்கலோ என்று முந்தானையால் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்துப் பார்த்தார்.

"நான் அசைஞ்சிட்டேன் போல பாப்பா."

நான் தயார் பண்ணிக்கொண்டு போன வாசகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இல்ல அண்ணி, நீங்க அசையல. தப்பு என்னோடது. நான்தான் கேமராவ சரியா வைக்கல" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அவ்வளவு பெரிய கேமரா, எல்லாரையும் சரியா எடுத்துட்டு என்னைய மட்டுமா தப்பா எடுக்கும்? நான்தான் அசைஞ்சிருப்பேன். விடு, அடுத்த தடவ புள்ளைங்க வர்றப்ப ஆடாம அசையாம நிக்கிறேன்."

லென்ஸ், சென்சார், பின்னால் கரைவது என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைச் சடங்குப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, வாசற்படியில் யாரு என்று கேட்டாள். நான்தான், அசைஞ்சிட்டேன் என்று அவளிடமும் சொன்னார்.

அன்றைக்கு அந்த வாசலில் அசையாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான்.