இஷா பொட்டலம்

கொல்லங்கோட்டில் புண்ணாக்குக் கடை வைத்திருக்கும் தாவூத் ராவுத்தர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. மாட்டுத் தீவனம் வாங்க விடியற்காலை நாலரைக்கு வந்தாலும் கடையில் பாதிக் கதவு திறந்திருக்கும். உள்ளே அவர் பருத்திக்கொட்டை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார். நோன்பு மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் தெருவில் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டிலும் ஆளுக்கொரு செல்போன், செல்போனுக்கு நாலு அலாரம். இருந்தும் நோன்பு தொடங்குமுன் சாப்பிட எழுப்புவதற்காகத் தினமும் விடியுமுன் மூன்று மணிக்குக் கதவு தட்டப்படும். "சஹருக்கு எந்திரிங்க" என்று டார்ச் விளக்கோடு நிற்பார். தட்டிவிட்டு நகர்ந்து போகிற ஆளும் இல்லை. உள்ளேயிருந்து "எந்திரிச்சாச்சுங்க" என்று குரல் வர வேண்டும். சிலர் படுத்தபடியே அந்தப் பதிலைச் சொல்லப் பழகியிருந்தார்கள். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "எங்கே, லைட்டைப் போடு பார்க்கலாம்" என்பார்.

இத்தனை கெட்டிக்கார மனிதருக்குத் தன் மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிடத் தெரியாது. அறுபத்தாறு வயதில் சர்க்கரை இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது, கொழுப்புக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. எது எதற்கென்று கேட்டால் முழிப்பார். மணி பார்த்து விழுங்கும் வழக்கமும் கிடையாது. அவர் மனைவி மெஹருன்னிசாதான் ஒரு வழி செய்தாள். தொழுகையை விடாத மனிதர், தொழுகையோடு சேர்த்துவிட்டால் மாத்திரையையும் விடமாட்டார் என்று கணக்குப் போட்டாள். தினக் காலண்டரில் கிழித்த தாள்களைப் பொட்டலமாக மடித்து, விடியற்காலைக்குச் சுபுஹு, மதியத்துக்கு லுஹர், இரவுக்கு இஷா என்று தொழுகையின் பெயரை எழுதி, அந்தந்த வேளை மாத்திரையைப் போட்டு அவர் சட்டைப்பையில் வைத்துவிடுவாள். தொழுது முடித்துச் சலாம் கொடுத்ததும் அவர் கை தானாகப் பைக்குள் போகும். பொட்டலத்தைப் பிரித்து, குனிந்துகூடப் பார்க்காமல், மொத்தமாக வாயில் கொட்டித் தண்ணீர் குடிப்பார். எட்டு வருஷத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மருத்துவர் ஜோமோளே, "ஆன்ட்டி, இது கொள்ளாமல்லோ, நல்ல ஐடியா" என்று மெச்சியிருக்கிறாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சஜ்ஜாத். கனடாவில் பஸ் பழுது பார்க்கும் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தான். முப்பத்தெட்டு வயது. போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மருமகள் ரஜீனா போனில் அழுத அழுகை தாவூத்துக்கு முதலில் என்னவென்றே புரியவில்லை. புரிந்தபின் அவர் கடைக்குப் போய், திறந்திருந்த கடையையே மறுபடி திறக்கப் பார்த்தாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

இறந்தவரின் உடலை, மையத்தை, அடக்காமல் காக்க வைக்கக் கூடாது. இதைத் தாவூத் எத்தனை வீட்டில் முன்னால் நின்று சொல்லியிருப்பார்! துபாயிலிருந்து மகன் வரட்டும், பெங்களூரிலிருந்து மகள் வரட்டும் என்று யாராவது இழுத்தால், "மௌத்தானவங்களை நிறுத்தி வெக்கறது அவங்களுக்குச் செய்யற அநியாயமுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவார். இப்போது அவருக்காகவே ரஜீனா அங்குள்ள பள்ளிவாசலில் கெஞ்சி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அடக்குவது என்று தவணை வாங்கியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளையைப் பார்க்கப் போவதாக இருந்தபோது எடுத்த விசா தாவூத்திடம் இருந்தது. மெஹருன்னிசாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. ஆகவே அவர் மட்டும்தான் போக முடியும்.

போனில் பிள்ளையின் முகத்தைக் காட்டட்டுமா என்று ரஜீனா கேட்டதற்கு மெஹருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணாடித் துண்டுல எம்புள்ளை மையத்தைப் பார்க்க மாட்டேன். போட்டோவும் வேண்டாம். அவனோட அத்தா வர்றாங்க. அவங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி. வந்து எனக்குச் சொல்லட்டும்."

வியாழக்கிழமை விடிந்ததும் ஜோமோளிடம் போனார்கள். செவ்வாயிலிருந்து தாவூத் கண் மூடவில்லை. இரத்த அழுத்தம் நூற்றுத்தொண்ணூறு. தூக்க மாத்திரை எழுதுகிறேன் என்றதும் தாவூத் கையை ஆட்டி வேண்டாமென்றார். மெஹருன்னிசா விடவில்லை.

"அங்க போய் நீங்க விழுந்தீங்கன்னா அந்தப் புள்ளை ரஜீனா எந்த மையத்தைப் பார்க்கும்? மையத்தைச் சந்தூக்குல வெச்சுத் தோள்ல தூக்கணுமுங்க. குடுங்க டாக்டரம்மா."

அந்த நேரம் பார்த்து ரஜீனா கூப்பிட, மெஹருன்னிசா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜோமோள் தாவூத்திடம் இரண்டே மாத்திரை எழுதிக் கொடுத்து, விரலை நீட்டிச் சொன்னாள். "அங்கிள், சிரத்திச்சுக் கேளுங்க. இது ரெண்டாவது பிளைட்ல மட்டும். சீட்ல உக்காந்து பெல்ட்டும் போட்டப்புறம் ஒண்ணு மதி, போதும். அதுக்கு முன்ன தொடக் கூடாது. இன்னொண்ணு அங்க போய், ராப்பகல் மாறித் தூக்கம் வராம இருந்தா."

தாவூத் தலையாட்டினார். காதில் விழுந்ததா என்றால் விழுந்தது. மனசு எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வீட்டில் பெட்டி கட்டும்போது மெஹருன்னிசா இரண்டு நீள வெள்ளை மாத்திரை இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எப்பப் போடறதுங்க?"

"தூக்க மாத்திரை. ராத்திரிக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ராத்திரி மாத்திரை என்றால் அவளுக்கு ஒரே இடம்தான். வழிக்கென்று இரண்டு நாள் பொட்டலம் மடித்தாள். இரண்டு இஷா பொட்டலத்திலும் ஒவ்வொன்று போட்டாள்.

நெடும்பாசேரியில் மதியம் ஏறிய விமானம் சாயங்காலம் வளைகுடாவில் இறங்கியது. அடுத்த விமானம் எட்டரைக்கு. அங்கிருந்து பதினாலு மணி நேரம். தாவூத் முதல் வேலையாகத் தான் விமானம் ஏற வேண்டிய வாசலின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு தொழுமிடத்தை விசாரித்துப் போய் அந்தி நேர மஃரிப் தொழுதார். அங்கேயே இருந்து இஷாவும் தொழுது சலாம் கொடுத்தார். பிள்ளைக்காக நெடுநேரம் துஆ கேட்டார். சலாம் கொடுத்தார். எழுந்து வெளியே வந்து குடிதண்ணீர்க் குழாய் அருகில் நின்றார். கை பைக்குள் போயிற்று. பொட்டலத்தைப் பிரித்தார். கொட்டினார். குடித்தார்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, கால் வலிக்கிறதே என்று ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாள் தூங்காத உடம்பு. அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

"ஐயா... ஐயா, எந்திரிங்க."

தோளைப் பிடித்து உலுக்கியவன் துப்புரவு வேலைக்காரன். சட்டையில் ரிஜின் என்று பெயர் இருந்தது. சாந்தன்பாறை என்ற மலை ஊர்க்காரன். மடியில் கிடந்த பாஸ்போர்ட்டில் பேரையும் ஊரையும் பார்த்துவிட்டுத்தான் தமிழில் எழுப்பியிருந்தான். "நீங்கதான் தாவூதா? உங்க பேரை மூணு தடவ மைக்குல கூப்பிட்டாக ஐயா. நான் அந்தப் பக்கம் வேலையா நின்னேன். நீங்கதான்னு தெரியாமப் போச்சே."

மணி பத்தரை. தாவூத் எழுந்து ஓடினார். கால் ஒரு பக்கம் இழுத்தது, நாக்கு தடித்துப் போயிருந்தது. வாசலில் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரிஜின் அவரைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் அவருக்காகக் கெஞ்சினான். அடுத்த விமானம் மறுநாள் இரவு எட்டரைக்குத்தான். வேறு ஊர் வழியாகப் போகிற எதிலும் இடமில்லை. பையைத் தடவிப் பார்த்தபோது பிரித்த காலண்டர் தாள் கையில் வந்தது. மெஹருன்னிசாவின் எழுத்தில் இஷா. இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். மற்ற மாத்திரைகளோடு அந்த நீள வெள்ளை மாத்திரையும் இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ரஜீனாவுக்கு ரிஜினே போன் போட்டுக் கொடுத்தான். அங்கே அப்போது பட்டப்பகல்.

"மாமா, இங்க சனி ஞாயிறு கபர் தோண்ட ஆளில்லீங்க. நாளைக்கு இல்லைன்னா திங்கட்கிழமைதான். பள்ளிவாசல் ஹஜ்ரத்து உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க. என்ன செய்யட்டும்?"

செவ்வாய்க்கிழமை போன உயிர். திங்கட்கிழமை என்றால் ஆறு நாள். 'நிறுத்தி வையுங்கள், நான் வந்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்' என்று சொல்லத்தான் அந்தத் தகப்பன் வாயெடுத்தார். ஊரில் எத்தனை பேர் வாயை அவர் அடைத்திருக்கிறார். இன்று அவர் முறை.

"அடக்கிடும்மா" என்றார். "எம்புள்ளையைக் காக்க வெக்காத. அடக்கிடு."

போனை ரிஜின் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பளபளத்த தரையில் உட்கார்ந்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதார்.

சனிக்கிழமை காலை கபரைத்தான் பார்த்தார். பனி மூடிய ஒரு மேடு, ஒரு எண் பலகை. மூன்று கைப்பிடி மண் போட வேண்டுமே என்று குனிந்து தோண்டினார். மண் உறைந்து கிடந்தது. நகம் உடைந்ததே தவிர ஒரு பிடி மண் கைக்கு வரவில்லை. ரஜீனா அவரைப் பிடித்து எழுப்பினாள். பத்து நாள் அங்கே இருந்தார். பகலில் தலை தொங்கும், இரவில் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். இரண்டாவது மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

ஊர் திரும்பிச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தனை நாளும் போனில் அதைப் பற்றிப் பேச மறுத்துக் காத்திருந்த மெஹருன்னிசா கேட்டாள். "மொகம் பார்த்தீங்களா?"

வழியெல்லாம் அவர் உண்மையைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். விமானம் தவறிவிட்டது என்று சொன்னால் ஏன் தவறியது என்பாள். தூங்கிவிட்டேன் என்றால் ஏன் தூங்கினீர்கள் என்பாள். அங்கிருந்து இஷா பொட்டலத்துக்கு எவ்வளவு தூரம்?

"பார்த்தேன்" என்றார்.

"எப்படிங்க இருந்தான்?"

"தூங்கற மாதிரி."

"புருவத்துல அந்தத் தழும்பு?" சின்ன வயதில் கடைத் தராசு இடித்த தழும்பு அது.

"இருந்துச்சு மெகரு. நல்லாத் தெரிஞ்சுது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுதபின் அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். இன்னொரு தடவை சொல்லுங்க என்பாள். தாடி வைத்திருந்தானா? இளைத்திருந்தானா? தாவூத் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நேற்றுச் சொன்னது இன்றைக்கு மாறிவிடக் கூடாது என்று மனப்பாடமாகச் சொல்லுவார். அவள் கேட்டு முடித்து, "அல்ஹம்துலில்லாஹ், நீங்களாவது பார்த்தீங்களே" என்று முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி எல்லோரும் போனபின் ரஜீனா கூப்பிட்டாள். மெஹருன்னிசா மறுநாளைக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"மாமி, எனக்கு ஒரே மனசு உறுத்தலா இருக்குங்க. மாமா வந்து சேர்ற வரைக்கும் வெச்சிருந்திருக்கலாம். அவர் சொன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது. மொகத்தைக்கூடக் காட்டாம அடக்கிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

போன் அணைந்த பிறகும் மெஹருன்னிசா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ நம்ம ரெண்டு பேருல ஒருத்தரும் அவன் மொகத்தைப் பார்க்கலையா?"

தாவூத் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க? ஏன் நேரத்துக்குப் போகலை?"

"தூங்கிட்டேன் மெகரு. அந்த மாத்திரையை நானா எடுத்துப் போட்டுட்டேன். ஏறினப்புறம் போடச் சொல்லித்தான் டாக்டரம்மா சொன்னாங்க. நாந்தான் கேக்கலை. மனசு தாங்காம, தனியா எடுத்து முன்னாடியே போட்டுட்டேன்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் தன்னோடு கபருக்கே கொண்டுபோகத் தயாராயிருந்தார். அவள் திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும், சாகும்வரை மன்னிக்காமல் இருக்கட்டும். இதை மட்டும் அவள் அறிய வேண்டாம்.

"ஊரையே எழுப்பின மனுசன்" என்றாள் அவள். குனிந்து, விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். பேனாவை எடுத்தாள். தாளில் வைத்தாள். இஷா என்று எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நின்ற கையை அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். தனியாக எடுத்தேன் என்கிறாரே, தனியாக எங்கே இருந்தது? இரண்டையும் அவள் கையாலேயே அல்லவா பொட்டலத்தில் போட்டாள்.

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் தாவூத்தின் சட்டைப்பையில் பொட்டலம் எதுவும் இல்லை. மாத்திரை அட்டைகள் மொத்தமும் ஒரு தட்டில் மேசைமேல் கிடந்தன. இஷா தொழுதுவிட்டு வந்தவர் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர்கள் பழையபடி வாயில் நுழையவில்லை.

"மெகரு" என்று கூப்பிட்டார். "இதுல எதெது இஷாவுக்கு?"

அடுப்படியில் அவள் இருப்பது தெரிந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.