கெட்டிமேளத்துக்குக் குதித்தவள்

இன்று காலை டெய்லி காலண்டரில் தாள் கிழித்தபோது ‘சுபமுகூர்த்தம்’ என்ற எழுத்து கண்ணில் பட்டது. உடனே மூக்கில் ரெக்சின் வாசனை ஏறியது. மற்றவர்களுக்கு முகூர்த்த நாள் என்றால் மல்லிகை, சந்தனம், சாம்பார். எனக்கு ரெக்சின். காரணத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருந்தது. கல்யாணம் இல்லாத நாட்களில் காலை வேளையில் அங்கே ஸ்டெல்லா மிஸ் சின்னக் குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தார். பெயர்தான் பெரிது. உருளுவது, தவளைபோலத் தாவுவது, கடைசியில் ஒரு சாண் உயர மெத்தைப் பாலத்தின் மேல் நடந்துபோய் மறுமுனையில் குதித்து இரண்டு கையையும் தூக்குவது. மெத்தையெல்லாம் மண்ணூர்பேட்டையில் வண்டி சீட் தைக்கிறவர், மிஞ்சிய ஃபோமை ரெக்சினில் பொதிந்து தைத்துக் கொடுத்தவை. அவற்றின் அடியில் முந்தின கல்யாணத்து ரோஜா இதழ் ஒன்றிரண்டு எப்போதும் ஒட்டியிருக்கும். குழந்தைகள் அதைத் தின்றுவிடாமல் பார்ப்பது பெற்றோர்களான எங்கள் வேலை.

ஆக, வகுப்பு நடந்தது பஞ்சாங்கத்தின்படி. மார்கழி எங்கள் பொற்காலம். தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும், எங்களுக்கு அடைபடும். அட்டவணை போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தேதி என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. மகள் கயலுக்கு முதல் பல் முளைத்த கிழமையும் நேரமும் டைரியில் இருக்கிறது. முகூர்த்த நாட்களைப் பச்சை மையில் குறித்துவிட்டு மிச்சத்தை வகுப்புக்கு ஒதுக்குவேன்.

அதே டைரியில் திருப்பிப் பார்க்கப் பிடிக்காத பக்கமும் உண்டு. மூன்று வயதில் கயல் மாடிப்படியில் விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள். கட்டைப் பிரித்து, “எலும்பு கூடிடுச்சு, ஓடலாம்” என்றார் டாக்டர். ஆனால் என் வலது ஆள்காட்டி விரலைப் பிடிக்காமல் அவள் ஓரடி வைக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் விரல் வேண்டும். ஜூனில் எல்.கே.ஜி. அங்கே விரலை மட்டும் எப்படி அனுப்புவது? அதற்காகத்தான் மிஸ்ஸிடம் சேர்த்தோம். ஐந்து மாதம் போயிற்று. பாலத்தின் மேல் அவள் நடப்பாள். பக்கத்தில் நான் குனிந்தபடியே நடப்பேன். “உங்க முதுகுதான் சார் நல்லா வளையுது” என்பார் மிஸ்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிறு. அன்று மாலை நாலு மணிக்குக் குழந்தைகள் பெற்றோர் முன்னால் எல்லாம் செய்து காட்டுவதாக ஏற்பாடு. வைகாசிதான் என்றாலும் அந்த ஞாயிற்றில் பச்சை மை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். பாலத்தைப் போட்டு முடிப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. மேளக்காரர்கள் இறங்கினார்கள். பின்னாலேயே சீர்த்தட்டுகளோடு பெண் வீட்டார், சென்னீர்குப்பத்துக்காரர்கள்.

மண்டபத்து மேனேஜர் கஜேந்திரன் ஓடிவந்தார். “இன்னா சார் இது? நீ குட்த்த லிஸ்ட்ட நம்பி சாவிய குட்த்தா, கொயந்தைங்கள பரப்பி வச்சிகினு கீறே?”

“முகூர்த்தம் நாளைக்குத்தானே?”

“முகூர்த்தம் நாளிக்கி. ரிசப்ஷன் இன்னா, அடுத்த மாசமா? உன் கல்யாணத்துக்கு ரிசப்ஷனே வைக்கலியா நைனா?”

ஊரார் சொல்லும் தேதிகளையெல்லாம் திருத்துகிற ஆள் நான். திங்கள் முகூர்த்தம் என்றால் ஞாயிறு மாலையே மண்டபம் நிறையும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். “உடு கஜா. மாப்ள ஊட்டுக்காரங்க வர இன்னும் நேரம் கீது. கொயந்தைங்க ஆடட்டும்.”

மிஸ் விசில் ஊதினார். ஒருத்தி உருண்டாள். ஒருவன் பாதிப் பாலத்தில் ஜாங்கிரி வாசனைக்கு இறங்கி ஓடினான். கயலின் முறை வந்தது. விரலைப் பிடித்தபடி ஏறி நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் சித்தி, என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்து ஒரு பழத்தட்டை நீட்டினார். வலது விரல் கயலிடம் இருந்ததால் இடது கையை நீட்டினேன்.

“இன்னா அண்ணாத்தே, சீர்த்தட்ட எடது கையில வாங்கறே? ரெண்டு கையாலயும் புடி!”

பிடித்துவிட்டேன். சீர்த்தட்டை மறுக்க யாருக்கு வாய் வரும்? குவித்த ஆப்பிள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், கயல் பாலத்தில் தனியாக நிற்கிறாள். வெறும் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

மேடையோரம் தவில்காரர் தோலைத் தட்டிப் பார்த்தார். தொம்.

ஓரடி வைத்தாள்.

அவர் கவனித்துவிட்டார். இன்னொரு தொம். இன்னோர் அடி. சமையல்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். அடிக்கு ஒரு தொம்மாகப் பாலம் முடிந்தது. குதித்தாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

“கெட்டிமேளம்!” என்று கத்தியவர் கஜேந்திரன்தான்.

தவிலும் நாதஸ்வரமும் முழங்க, கல்யாணத்துக்கு வைத்திருந்த ரோஜா இதழ்களை யாரோ அள்ளி அவள் தலையில் போட்டார்கள். நானும் தட்டோடு குதித்திருக்கிறேன். ஆப்பிள்கள் மண்டபமெங்கும் உருள, ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு மொத்தமும் துரத்திக்கொண்டு ஓடியது. மணி நாலு ஐம்பது.

மறுநாள் பள்ளி வாசலில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஸ்டெல்லா மிஸ் அம்பத்தூரில் ஏசி கூடத்தில் வகுப்பு நடத்துகிறார். அட்டவணை போனில் வந்துவிடுகிறது, பச்சை மைக்கு வேலையில்லை. கயல் ஆறாம் வகுப்பு. இன்று காலை கிழித்த தாளும் கையுமாக அவளிடம் இதைச் சொன்னேன். சுவரோரம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

“சும்மா சொல்லாதப்பா. நடக்கறதுக்குப் போய் நான் ஏன் பயப்படணும்?”

டைரியைக் காட்டினேன். தலைகீழாகவே படித்தாள். “இது உன் கையெழுத்துதானே!” என்றாள்.

அப்படியொரு மண்டபம் இருந்தது என்று சொல்ல அண்ணனூரில் நூறு பேர் கிடைப்பார்கள். அப்படியொரு பயம் இருந்ததற்கு என் கையெழுத்து மட்டும்தான் சாட்சி.