ஆறு வாரம் வெட்டாத புல்

எண்பத்தாறாம் ஆண்டு செப்டம்பரில் மாமா ஊரில், யாழ்ப்பாணத்தில், செத்துப்போனார். மாமா என்றால் என் மனைவியின் தகப்பன். கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். மூத்த மகள் அவள், தகப்பனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஊரில் தம்பிக்காரன் எல்லாம் செய்தான். இங்கே நாங்கள் மரக்கறி சமைத்துப் படைத்தோம். அது அவளுக்குப் போதவில்லை. பின்னேரம் ஒரு கடதாசிப் பையை எடுத்துக்கொண்டு முன்பக்கப் புல்தரைக்குப் போனாள். பை நிறைய டாஃபடில் பூக்கிழங்கு, பார்க்க வெங்காயம் போலவே இருக்கும். தொழிற்சாலையில் அவளோடு பெட்டி கட்டுகிற போர்த்துக்கீசப் பெண் கொடுத்தது. கை நிறைய அள்ளி எறி, எது எங்கே விழுகிறதோ அங்கேயே நடு, அப்போதுதான் தானாக முளைத்த மாதிரி இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். பூத்து முடிந்ததும் ஆறு வாரம் புல்லில் கை வைக்கக்கூடாது. இலைதான் கிழங்குக்குச் சாப்பாடு. இலை பழுக்குமுன் வெட்டினால் அடுத்த வருடம் பூ இல்லை.

"அப்பாவுக்கு நான் செய்யிறது இதுதான்," என்றாள் மனைவி. "வருசா வருசம் வரும்."

வந்தது. அடுத்த வசந்தத்தில் புல்தரை முழுக்க மஞ்சள். வேலைக்கு வெளிக்கிட்டவள் சப்பாத்துக்கூடப் போடாமல் ஈரப் புல்லில் போய் நின்று "அப்பா, அப்பா" என்று குரலெடுத்து அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஏழு மாதம் கழித்து என் மனைவி எனக்குத் திரும்பிக் கிடைத்தாள்.

பூக்கள் வாடின. இலைகள் நின்றன, அவற்றைச் சுற்றிப் புல் மளமளவென்று வளர்ந்தது. நாங்கள் இருந்தது வெக்ஸ்போர்ட் என்ற வெள்ளைக்காரப் பகுதியில், வாடகை வீடு. புல் வெட்டுவது எங்கள் பொறுப்பு. அதே தெருவின் மூலையில் ஒரு அண்ணை இருந்தார். எங்கள் எல்லோருக்கும் முந்தி வந்தவர், கோட் போட்டு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டை எங்களுக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். அந்த ஒரு உபகாரத்துக்காக அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், பூம்பூம் மாடு மாதிரி.

ஒரு ஞாயிறு காலை அண்ணை வாசலில் நின்று புல்லைப் பார்த்தார்.

"என்ன தம்பி உது, பத்தைக் காடு? வெள்ளைக்காரர் கதைக்க மாட்டினமே? எங்கட ஆக்கள் வந்துதான் ரோட்டே நாறிப்போச்செண்டு சொல்லுவினம். பக்கத்து வீட்டுக்காரன் சிற்றி ஒஃபீசுக்கு ஃபோன் அடிச்சுச் சொன்னால் என்ன செய்வீர்?"

"அவ வெட்ட வேண்டாமெண்டு..."

"வீட்டில ஆம்பிளை ஆர்?"

அந்தக் கேள்விக்கு ரோசம் வந்ததே எனக்கு! விசரன். மனைவி ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். புல் வெட்டும் மெஷினை இழுத்து ஒரே மூச்சில் மழித்துத் தள்ளினேன். இலைகள் இன்னும் பச்சைப் பசேலென்று இருந்தன. அண்ணை கடைசிவரை நின்று பார்த்து, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலியடிக்கு வந்தார். ஏன் வெட்டினாய் என்று கேட்டார். உன் மனைவி தகப்பனுக்காக நட்டது என்று சொன்னாளே, ஜூலை வரை விடு என்று நான்தானே அவளுக்குச் சொன்னேன் என்றார்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே கண்டிருப்பாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"ஆர் சொன்னது?"

"அண்ணைதான்... ஆக்கள் கதைப்பினமெண்டு."

"செத்தது அவரின்ர அப்பாவே?"

அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டு உலை வைத்தாள்.

அண்ணையிடம் போய்க் கேட்டேன், எந்த வெள்ளைக்காரன் கதைத்தான் என்று. "கதைச்சவை எண்டு நான் எங்க சொன்னனான்? கதைப்பினம் எண்டுதானே சொன்னனான்," என்றார். முகத்தில் ஒரு சலனமில்லை. கோதாரியில போன மனிசன். ஆனால் மெஷினைத் தள்ளியது அவர் கையில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அந்த இலையுதிர்காலத்தில் கடையில் ஐம்பது கிழங்கு வாங்கி, அவள் இல்லாத நேரம் பார்த்து நட்டேன். பழைய கிழங்குதான் பூத்தது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற கள்ளப் புத்தி. எண்பத்தெட்டு வசந்தத்தில் அவளுடையவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெறும் இலை விட்டன. மூன்றே மூன்று பூத்தன. என்னுடையவை ஐம்பதும் பூத்தன. யாழ்ப்பாணத்தான் கை அல்லவா, வெங்காயப் பாத்தி மாதிரி சாணுக்கு ஒன்றாக நேர்வரிசையில் நட்டிருந்தேன்.

"இஞ்சாரும், பூத்திருக்கு," என்று அவளைக் கூப்பிட்டேன்.

ஜன்னலடியில் வந்து நின்று பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"உது உங்கட பூ," என்றாள். "உங்கட அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

அந்த வருடம் ஜூலை பிறக்கும்வரை நான் மெஷினைத் தொடவில்லை. புல் முழங்காலுக்கு வந்தது. கிழவர் கையசைத்துவிட்டுப் போனார். அண்ணைகூட வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு குஞ்சு குருமானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.