நாலு காணிக்கு ஒரு மான் கூட்டம்

யாழ்ப்பாணத்தில் அடுத்த வீட்டு மாடு பயிரைத் தின்றால் ஊரே கூடி நியாயம் சொல்லும். லண்டனில் மான் தின்றால் ஊரே கூடிப் படம் பிடிக்கும். பரமேஸ்வரனின் வயிற்றெரிச்சல் இதுதான். இன்று நேற்றைய எரிச்சல் அல்ல, வருடக் கணக்காக எரிகிறது.

ரொம்ஃபர்டுக்கு வடக்கே, லண்டன் அலுத்துப்போய் வயலாக மாறுகிற விளிம்பில் அவனுக்கு ஒரு தோட்டம். வீடு வீடாகச் சுவர் பூசி முதுகு போன பிறகு தேடிக்கொண்ட பிழைப்பு அது. பீட்ரூட், வெந்தயக்கீரை, முட்டைக்கோவா, பூசணி. எல்லாம் மனோர் பார்க் தமிழ்க் கடைகளுக்குப் போக வேண்டியவை. ஆனால் விடிய எழுந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் குளம்படி. பீட்ரூட்டில் இலை இருக்காது, கோவாவில் குருத்து இருக்காது. கடைக்காரரிடம் சொன்னால், "மானோ அண்ணை? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்பார்கள். இன்னொரு மாரிக் குளிர் இப்படிப் போனால் காணியை விட்டுவிட்டு மறுபடி சாந்து வாளியைத் தூக்க வேண்டும். முதுகு விடாது.

மானை அவன் அவ்வளவாகத் திட்டுவதில்லை. அதற்கென்ன தெரியும்? திட்டெல்லாம் சண்முகராசாவுக்கு. மேற்கே உள்ள சிறு காடு அவருடையது. மனோர் பார்க்கில் கடை வைத்திருக்கிறார். அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழம், வாடின மரக்கறி எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைகளில் தன் வான் வண்டியில் ஏற்றிவந்து காட்டோரம் கொட்டுவார். புண்ணியமாம். "வள்ளியம்மையைப் பெத்தது மான்" என்று ஒரு விளக்கம் வேறு.

ஒரு மாரிக்கு பரமேஸ்வரன், லைசென்ஸ் உள்ள துவக்குக்காரர் ஒருவரைப் பிடித்துவந்தான். இந்த நாட்டில் காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அது நிற்கிற காணிக்காரன் சம்மதித்தால்தான் சுடலாம். முதல் வெடிக்கே கூட்டம் முழுவதும் சண்முகராசாவின் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. துவக்குக்காரர் நாலைந்து தரம் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவர் வரவை நிறுத்திய கிழமையே மான்கள் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு வேலியின் இரு பக்கமும் நின்று அவர்கள் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. அதோடு முகம் பார்ப்பதும் நின்றது.

இவர்களுக்கு நடுவேதான் தவநாயகியின் துண்டுக் காணி. எல்லாருக்கும் தவமக்கா. ஜெர்மனியில் ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் சமைத்தே பாதி ஆயுளைக் கழித்து, புருஷன் போன பிறகு லண்டனுக்கு வந்தவர். ஆள் குள்ளம், குரல் உயரம். அவர் நட்ட ஆப்பிள் கன்றுகளின் பட்டையை மான்கள் சுற்றிவர உரித்துத் தின்றுவிட்ட ஒரு காலையில், பரமேஸ்வரனின் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"பரமு, நானும் நீயும் தனித்தனியா வேலி போட்டு ஒண்டும் ஏலாது. இது பங்குக் கிணறு மாதிரி. ஒருத்தன் சேறு கலக்கினால் எல்லாற்றை பயிரும் போகும்."

"அதை அந்தக் கலக்குறவனிட்டைச் சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன். நீயும் வா."

"நானோ? அவன்ரை வாசலுக்கோ? செத்தாலும் வரமாட்டன்."

"செத்தால் நீ வரத் தேவையில்லை. இப்ப சப்பாத்தைப் போடு."

முதலில் போனது வடக்கே குதிரை வளர்க்கிற ஹெலன் என்ற வெள்ளைக்காரியிடம். தவமக்காவிடம் ஒரு வித்தை இருந்தது. போன வீட்டில் காரியம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படவிடமாட்டார். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. ஹெலன் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். தவமக்கா வேண்டாம் என்று முகத்தை இறுக்கினார். ஹெலன் சரி என்று தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள். பரமேஸ்வரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் போன மாரியில் மான் பாய்ந்து அவளுடைய கார் நொறுங்கியிருந்ததால், கோப்பை காலியாகுமுன் அவள் சம்மதித்துவிட்டாள்.

சண்முகராசா வீட்டில் வித்தை பலித்தது. அவர் மனைவி கஜந்தினி தேத்தண்ணியும் சூடான வடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எடுங்கோ அக்கா."

"வேண்டாம் பிள்ளை. வந்த காரியம் முடியட்டும்."

கஜந்தினியின் முகம் விழுந்துவிட்டது. பரமேஸ்வரன் வடைத் தட்டைப் பார்த்தான், தவமக்காவைப் பார்த்தான், கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"உயிர்க்கொலைக்கு நான் உடந்தையாகமாட்டன்" என்றார் சண்முகராசா, சுவரைப் பார்த்து.

"துவக்கு உம்மடை காட்டுக்குள்ளை வராது. ஒரு நாள் விடியக் காலமை எல்லாரும் ஒரே நேரத்திலை அவரவர் காணியிலை நிண்டு மானை எண்ணுவம். அவ்வளவுதான் கேக்கிறன்."

"எண்ணி என்ன செய்யிறது?"

"எண்ணினாப் பிறகு நீரே சொல்லும்."

"என்ரை பக்கம் வாறது நாலைஞ்சு சீவன். அதுக்கு எண்ணிக்கை தேவையில்லை."

தவமக்கா எழுந்தார். ஆடை படர்ந்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் சண்முகராசா போன் எடுத்தார். "அக்கா, வாயும் நனைக்காமல் வீட்டை விட்டுப் போட்டியள் எண்டு இவ எனக்குச் சோறு தாறதே இல்லை. எண்ணுறன். முதல்லை வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ."

எண்ணுகிற காலையில் பனி புல்லில் படிந்திருந்தது. பரமேஸ்வரன் தன் தோட்டத்து மூலையில் போனும் கையுமாக நின்றான். ஒன்றும் இல்லை. ஹெலன் பக்கம் ஒன்றும் இல்லை. தவமக்கா பக்கமும் இல்லை. நாலு பேரும் ஒரே அழைப்பில் இருந்தார்கள்.

"என்ரை பக்கம் ஒரு மான்கூட இல்லை!" என்று கத்தினான் பரமேஸ்வரன், யாரோ தன்னை ஏமாற்றியது போல.

பிறகு சண்முகராசாவின் குரல் மெல்ல வந்தது. "எல்லாம் இங்கைதான் நிக்குது, பரமேஸ்."

அவர் அதுவரை வெள்ளிக்கிழமை கொட்டிவிட்டுக் கடை திறக்க ஓடுகிறவர். நின்று பார்த்ததில்லை. அன்று பார்த்தார். நாலைந்து அல்ல, பெருங்கூட்டம். கொழுத்தவை முட்டித் தள்ளிப் பழத்தைத் தின்றன. குட்டிகள் விலா எலும்பு தெரிய ஒதுங்கி நின்றன. ரோட்டில் கார் அடித்த பெண்மான் ஒன்று காலை இழுத்துக்கொண்டு வந்தது. காட்டுக்குள்ளே மானின் வாய் எட்டுகிற உயரம்வரை ஓர் இலை இல்லை, ஒரு முளை இல்லை.

"நான் சாப்பாடு போடேல்லை அக்கா. பசியைத்தான் கூட்டியிருக்கிறன்" என்றார், எல்லாரும் அவர் காட்டோரம் கூடியபோது.

கொட்டுவதை நிறுத்தச் சம்மதித்தார். தன் காட்டில் வெடி கூடாது, சுடுகிற நாளில் தான் முருகன் கோயிலில் இருப்பேன் என்றார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பரமேஸ்வரனுக்கோ முழுக் கூட்டத்தையும் ஒரே மாரியில் தீர்க்க ஆசை.

"எல்லாத்தையும் சுட்டுப்போட்டு இரு. அங்காலை இருந்து வேறை கூட்டம் வந்து குடியிருக்கும். அளவாய், வருசா வருசம்" என்று தவமக்கா அவன் வாயை அடைத்தார்.

அந்த மாரி, பரமேஸ்வரனின் காணியிலும் ஹெலனின் காணியிலும் பேசிய அளவுக்கு, கூட்டம் மேலும் பெருகாமலிருக்கப் பெண்மான்களைச் சுட்டார்கள். பழம் இல்லாததால் கூட்டம் காட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. இளவேனிலில் பீட்ரூட் இலை விட்டது. ஓரத்து வரிசை ஒன்றை மான் தின்றது உண்மைதான். பரமேஸ்வரன் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. நாலு பெட்டி மனோர் பார்க்குக்குப் போன அன்று, காணியை விடுகிற பேச்சையும் விட்டான். சண்முகராசாவின் காட்டில் விரல் உயரத்துக்கு ஓக் கன்றுகள் எட்டிப் பார்த்தன.

அந்தக் கோடை முடிவில் தவமக்கா ஜெர்மனிக்கே திரும்பினார். அங்கேயே தங்கிவிட்ட மகள் மேனுஷாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பரமேஸ்வரன்தான் மரக்கறி வானில் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனான். வழியெல்லாம் புறுபுறுத்தான்.

"நீங்கள் அங்காலை போக அவன் இங்காலை கொட்டத் தொடங்குவான், பாருங்கோ."

"அவனும் நேற்று வந்து உன்னைப் பற்றிச் சொன்னவன். நீ எல்லாத்தையும் சுட்டு முடிச்சிடுவாயாம்."

"ஆர், நானோ? அவன் ஒரு விசரன், முழுப் பைத்தியம்!"

"ரெண்டு பேரும் விசரர்தான். கேள் பரமு. வாற எண்ணிக்கைக்கு நீ உன்ரை தோட்டத்திலை நிக்காதை. அவன்ரை காட்டுக்குள்ளை போய் நில். அவன் வந்து உன்ரை தோட்டத்திலை நிக்கட்டும். நீ அவன்ரை பக்கத்தை எண்ணு, அவன் உன்ரை பக்கத்தை எண்ணட்டும். அவன் வந்து கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இராதை. முதல்லை நீ போ."