வேலிக்குழியில் கிடந்த ஒயர்

எங்கள் கொல்லையில் துணி துவைத்தால் பக்கத்து வீட்டுக்கு அப்படியே தெரியும். பீங்கான் கம்பெனியில் கழித்த பெட்டிப் பலகைகளை வாங்கி, நானே மறைப்பு வேலி அடிக்க இறங்கினேன். மாதாந்திர மின்தடை நாள். ஃபேன் ஓடாத வீட்டில் சும்மா உட்காருவானேன் என்று குழி தோண்டினேன். அரை அடியிலேயே கடப்பாரை ஓர் ஒயரை அறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் போர் மோட்டாருக்காக எங்கள் மண்ணில், எங்களிடம் சொல்லாமலே, பைப்புகூட இல்லாமல் புதைத்திருக்கிறார்.

கேட்டதற்கு, "தோண்டப் போறேன்னு எங்க வூட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லம்மா?" என்றார்.

கரண்ட் இருந்திருந்தால் நான் கேட்கவே வந்திருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் அவர் வாசலில் நின்று, மெயினை அணைக்க வைத்த பிறகுதான் கடப்பாரையைத் தொடுகிறேன். அவர் பார்க்கும் சீரியல் பாதியில் நின்றாலும் சரி.