கை மாறிய கஞ்சிரா

அயர்லாந்துக் கடலோரமாக நானும் கணவரும் காரில் போன வழியில், நுழைந்த ஒரு பப்பில் உள்ளூர்க்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் வீட்டுக்குக் கிளம்ப, பக்கத்திலிருந்தவர் மேளத்தை வாங்கித் தொடர்ந்தார். பாட்டு நிற்கவேயில்லை.

என் சின்ன வயதில், அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் வீட்டு ஹாலும் அப்படித்தான். அம்மா கண்மூடிப் பாடுவாள்; அப்பா கஞ்சிரா வாசிப்பார். அவரை ஆலைக்கு ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் ஹார்ன் அடித்ததும், அங்கே டூட்டி முடிந்து வந்த அவர் சிநேகிதர் காதர் மாமாவிடம் அதை நீட்டுவார்.

"யல்லா காதர், சீக்கிரம் புடி, தாளத்த விட்றாத!"

ஹெல்மெட் தடம் மறையாத நெற்றியோடு மாமா பிடித்துக்கொள்வார். நாளெல்லாம் ஆலையில் உழைத்த கை, ஒரு தட்டுக்கூடத் தவறாது! கிளம்பும் அப்பாவுக்கு அம்மா கண் திறக்காமலே வாசல் பக்கம் கையசைப்பாள்.

பப்பில் கணவர் என்னை இடித்தார். "யாருக்கு டாட்டா காட்டற?"

கண்ணைத் திறந்தேன். என் கை வாசலைப் பார்த்து உயர்ந்திருந்தது.