சக்கரம் தின்ற சிவப்பு

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'லென்ஸ்' என்று பட்டப்பெயர். கல் அறுத்து மெருகு போடுகிற வேலை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஊரே பெண்ணைப் பார்க்கும். இவர் பெண்ணின் கழுத்திலிருக்கும் கல்லைப் பார்ப்பார். "அது சாயம் ஏத்துன கல்லு" என்று என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். இவரோடு போய் நான் பட்ட மானக்கேடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் கல் விஷயத்தில் மனிதர் கெட்டி. அதிலும் அகேட் கல் என்றால் உயிர். வெளியே பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அறுத்தால் உள்ளே சிவப்பு, வெள்ளை, தேன் நிறம் என்று வரிவரியாக ஓடும். ஒரு கல்லின் வரி இன்னொன்றுக்கு வராது என்பார். நல்ல கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரம் மெல்ல ஒளிரும். சாயக் கல்லில் நிறம் கீறல்களில் போய்த் தேங்கி நிற்கும். கண்ணாடி என்றால் உள்ளே குமிழி. கேட்டுக் கேட்டு, கடையில் வெங்காயத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

இவருடைய தங்கச்சி, என் நாத்தனார், புருஷனை இழந்தவள். அவர் லாரி ஓட்டினவர். கடைசியாகப் போன பயணத்தில் ஆற்றோரம் பொறுக்கினதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் உடைந்து, அந்த உடைப்பில் சிவப்பும் வெள்ளையும் எட்டிப்பார்க்கும். அதைப் பதக்கமாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு அண்ணனிடம் கொண்டுவந்தாள்.

"அண்ணே, பாத்துப் பண்ணு. அவர் நினைப்பா எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

"யார்கிட்ட சொல்ற? கண்ணை மூடிக்கிட்டே அறுப்பேன்" என்றார் இவர்.

அப்படித்தான் அறுத்தார். அறுப்பதற்கு முன் கல்லைத் தண்ணீரில் நனைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வரிக்குக் குறுக்கே அறுத்தால்தான் வரி தெரியும். வேலைக்குப் புதிதாக வருகிற யாருக்கும் இவர் சொல்கிற முதல் விஷயமே அதுதான். அன்று பட்டறையில் பேச்சு சுவாரசியம். உடைப்பைப் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டு, வரியோடு வரியாக அறுக்கும் சக்கரத்தில் கொடுத்துவிட்டார். அந்தக் கல்லில் நிறம் இருந்ததே சக்கரத்தின் தடிமன் அளவுக்குத்தான். அத்தனையும் அரைபட்டுச் சக்கரத்தின் அடியிலிருந்த தொட்டித் தண்ணீரில் சேறாகக் கலந்தது. கையில் மிஞ்சியவை இரண்டு சாம்பல் நிறத் துண்டுகள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தங்கச்சியின் முகத்தை நினைத்ததும் வாய் எழவில்லை. பட்டறையில் கிடந்த வேறொரு கல்லில் ஏறக்குறைய அதே சிவப்பு இருந்தது. அதை ஒழுங்காக நனைத்து, குறித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி, வெள்ளியில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"உள்ளுக்குள்ள இவ்வளவு அழகா இருந்திருக்கு பாருங்க அண்ணி" என்று அவள் என்னிடம் காட்டினாள். நான் வேறு, எல்லாம் தெரிந்தவள் மாதிரி வெளிச்சத்தில் பிடித்து, "ஓரம் எப்படி ஒளிருது பாரு" என்றேன்.

அதற்கப்புறம் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி வந்தால் ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்பக்கம் நழுவுவார். அவள் பதக்கத்தைத் தடவிக்கொண்டே பேசுவாள். இவர் தரையைப் பார்ப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு கல்யாண வீட்டில் எந்தக் கழுத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து உலுக்கினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதார். எனக்குப் பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும். கை தப்பிப் போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவளை ஏமாத்திட்டீங்களே. போய்ச் சொல்லுங்க."

கூடவே நானும் போனேன். சாம்பல் துண்டுகளை மேசைமேல் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் துண்டுகளைப் பார்க்கவில்லை. கழுத்துப் பதக்கத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

"தினம் படுக்கிறதுக்கு முன்னாடி இதுகிட்டதான் பேசுவேன் அண்ணே. பிள்ளைங்க சண்டை போட்டது, எனக்குக் கால் வலிச்சது, எல்லாம். இத்தனை நாளா நான் யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்?"

சொல்லச் சொன்னவள் நான்தானே. ஏன்தான் சொல்லச் சொன்னோம் என்று எனக்கே ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எங்கள் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டோம்.

அவள் கொக்கியைக் கழற்றி அந்த அழகான கல்லை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். பிறகு சாம்பல் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். அவை பொருந்தவில்லை.

"குடும்மா, ஓரத்தையாவது தேய்ச்சு மெருகு போட்டுத் தர்றேன்" என்று இவர் கையை நீட்டினார்.

அவள் துண்டுகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணே. இனிமே நீ இதைத் தொட வேணாம்."